பாட்டில் மேல் ஒரு பென்சில் கோடு

பாட்டிலுக்குள் நல்ல பிள்ளை போல அசையாமல் நிற்கிற மருந்தை நான் நம்ப மாட்டேன். அது என் தொழில் தந்த புத்தி. ஊருக்கு மேற்கே தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி. தண்ணீரில் கரையாத மருந்தைத் தண்ணீரில் நிற்க வைப்பது அங்கே என் வேலை. சில மருந்துகள் எவ்வளவு கலக்கினாலும் கரையாது. மாவாக அரைத்து, சர்க்கரைப் பாகில் போட்டு, கொஞ்சம் பிசின் சேர்த்துக் கெட்டியாக்கி, அந்த மாவை அந்தரத்தில் தொங்க விட வேண்டும். எப்படித் தொங்க விட்டாலும் அது ஒரு நாள் கீழே இறங்கத்தான் செய்யும். எவ்வளவு மெதுவாக இறங்குகிறது, இறங்கிய பிறகு குலுக்கினால் மறுபடி எழுந்து வருகிறதா என்பதுதான் எங்கள் கவலையெல்லாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருந்தால் மருந்து ரொம்ப நாள் பால் மாதிரி அழகாக நிற்கும். ஆனால் மெல்ல மெல்ல இறங்கி, ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து, அடியில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அப்புறம் யானை வந்து குலுக்கினாலும் எழும்பாது. துகள்கள் லேசாக ஒட்டிப் பஞ்சு பஞ்சாகத் திரண்டால் சீக்கிரமே இறங்கிவிடும். மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், பார்க்கச் சகிக்காது. ஆனால் நாலு குலுக்கில் எழுந்து வரும். நாங்கள் பார்க்கச் சகிக்காததைத்தான் தேர்ந்தெடுப்போம். அழகாக நிற்பதைச் சூடான அறையில் மாதக்கணக்கில் பூட்டி வைத்து, எப்போது கெடும் என்று காத்திருப்போம். கெடாது என்ற நம்பிக்கையில் யாரும் அந்த அறைக் கதவைத் திறப்பதில்லை.

வீட்டிலும் நான் அப்படித்தான். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்க மாட்டேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்த பிறகு, பார்த்தேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் என் கணவர் என்னை "சந்தேகப் பேய்" என்றுதான் கூப்பிடுவார். பேயோ பிசாசோ, அது இருக்கிற வீட்டில் பொருள் தொலையாது என்று நானும் பதில் சொல்வேன்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயது முடிந்த சமயத்தில் வலிப்பு வந்தது. மூளைப் படம் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, மருந்தை மட்டும் விடாமல் கொடுங்கள் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். மாத்திரை விழுங்கத் தெரியாத பிள்ளை. அதனால் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் சிவப்பு மருந்து, காலையிலும் சாயங்காலமும். பாட்டிலைக் கையில் வாங்கியதுமே எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தினம் கட்டி அழுகிற ஜாதி மருந்துதான். கரையாது, இறங்கும், குலுக்க வேண்டும். வேறு கம்பெனி, அவ்வளவுதான்.

நீண்ட லீவு போட்டு, நானே கொடுத்தேன். வலிப்பு நின்றது. லீவு முடிந்ததும் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. என் நாத்தனார், கணவருக்கு மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்தார். ஒரு நாள் கடையை இன்னொருத்திக்கு விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

"பூ எப்பவும் பூக்கும்மா. புள்ளைய யாரு பாக்குறது? நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, நான் பாத்துக்கிறேன்."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். என் மகள் ஒரே வாரத்தில் அத்தை அத்தை என்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மருந்தை மூடியில் ஊற்றிக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வாள். "அத்தை குடுக்கட்டும்" என்பாள். சரி, யார் கொடுத்தால் என்ன என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் எரிந்தது. பெற்றவள் நான், மருந்து செய்கிறவளும் நான், என் கையால் வாங்க மாட்டாளாமே!

நான் வேலைக்குப் போன பிறகு ஒரு வலிப்பு வந்தது, சின்னதுதான். காய்ச்சலாக இருந்ததால் வந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டோம். பிறகு, அவர் கொடுக்க ஆரம்பித்த முதல் பாட்டில் முடியும் தறுவாயில், பிள்ளை இரண்டு மூன்று நாள் கண் சொருகிக் கிடந்தாள். நடந்தால் தள்ளாடினாள். போனில் கேட்டதற்கு, மருந்து சற்றுக் கூடிப்போனால் அப்படி இருக்கும், அளவு பார்த்துக் கொடுங்கள் என்றார் டாக்டர். அளவு பார்க்கத் தெரியாதவரா நாத்தனார்? முழம் போடுகிற கை அது. அப்படியானால் ஏன் கூடியது? புது பாட்டில் திறந்ததும் தள்ளாட்டம் போய்விட்டது. ஆனால் திரும்பவும் சின்னச் சின்னதாக வலிப்பு.

என் சந்தேகம் அங்கே முளைவிட்டது. நான் கொடுத்தபோது ஒன்றுமில்லை. அவர் கொடுக்க ஆரம்பித்ததும் கூடுகிறது, குறைகிறது. ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், அடுப்பு மேடையில் ஒரு டம்ளரைத் தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறார். தட்டைத் தூக்கப் போனேன்.

"ஐயோ, ஆட்டாத! தெளிய வச்சிருக்கேன்!"

"இன்னாக்கா அது?"

"இஞ்சிச் சாறும்மா. புள்ளைக்கு மந்தமா இருக்குது, தேன் ஊத்தித் தரலாம்னு."

மோந்து பார்த்தேன். இஞ்சிதான். ஆனாலும் மனசு ஆறவில்லை. வேறு என்னென்ன கொடுக்கிறாரோ? கோயில் விபூதியைக் கரைக்கிறாரா? மார்க்கெட்டில் வேர் விற்கிறவனிடம் ஏதாவது வாங்கி வருகிறாரா? இங்கிலீஷ் மருந்து உடம்புக்குச் சூடு என்று அவர் யாரிடமோ போனில் சொன்னதை ஒரு தடவை கேட்டிருந்தேன். மருந்து வாங்குகிற கடையும் அவர் காட்டிய கடைதான், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கடைக்காரருக்கும் இவருக்கும் பூ கொடுத்த பழக்கம். இப்படி எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே முறைத்தார்.

"எங்க அக்காவப் பாத்தா உனக்கு எப்புடித் தெரியுது? அது கடையையே உட்டுட்டு வந்துருக்குது புள்ளைக்காக."

"நான் ஒண்ணும் சொல்லலையே. மருந்து சரியாப் போவுதான்னு பாக்கணும்னுதான் சொன்னேன்."

"நீ பாப்ப. கண்டிப்பா பாப்ப. சந்தேகப் பேயாச்சே."

பார்த்தேன். பென்சிலை எடுத்து, பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, மருந்து எதுவரை நிற்கிறதோ அதுவரை லேபிள் ஓரத்தில் மெல்லியதாக ஒரு கோடு போட்டேன். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால், இரண்டு வேளை மருந்துக்கு எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவே இறங்கியிருந்தது. இன்னொரு கோடு போட்டேன். மறுநாளும் அதே மாதிரி, துளி பிசகில்லை. வேறு ஆளாக இருந்தால் நிம்மதியடைந்திருப்பாள். எனக்கு அதுவும் உறுத்தியது. தினமும் இவ்வளவு கச்சிதமாக இறங்குமா என்ன? சொட்டு சிந்தாதா, மூடியில் ஒட்டாதா? எங்கள் லேபிலேயே இவ்வளவு சுத்தமாக வராதே!

கோடு போட ஆரம்பித்த பிறகு வலிப்பு குறையும் என்று எதிர்பார்த்தேன். கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல பகல், சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பிள்ளையின் கையிலிருந்து அப்பளம் விழுந்தது. கண் மேலே போனது. எப்போதும் சீக்கிரம் அடங்கிவிடுகிற வலிப்பு அன்றைக்கு அடங்கவில்லை. வாயோரம் நீலமானது. நாத்தனார் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு "மாரியாத்தா, என்ன எடுத்துக்க, என்ன எடுத்துக்க" என்று கத்தினார். ஆட்டோவில் ஆற்றுப் பாலம் தாண்டும்போது நான் பிள்ளையின் மூச்சை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது நின்றுவிட்டால் நானும் அங்கேயே குதித்துவிடுவேன் என்று தோன்றியது.

ஊசி போட்டு அடக்கினார்கள். ரத்தம் எடுத்து, அதில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தார்கள். மறுநாள் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"மருந்து குடுக்குறீங்களாம்மா?"

"ரெண்டு வேளையும் குடுக்குறோம் சார்."

"ரத்தத்துல மருந்தே இல்லைங்க. இருக்குதுன்னு சொல்ல முடியாத அளவுதான் இருக்குது. யாரு குடுக்குறா?"

 கண்ணாடிக் கதவு வழியாக நாத்தனார் தெரிந்தார், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு. இந்தக் கை ஏன் இப்படிச் செய்தது? ஒரே ஒரு நப்பாசை மிச்சமிருந்தது. கடைக்காரன் போலி மருந்து விற்றிருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். போலி மருந்துக்காக வேண்டிக்கொண்ட மருந்துக் கம்பெனிக்காரி ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். மருந்தின் அளவு காட்டுகிற எங்கள் கருவியில் வெளி மருந்தை ஏற்றக் கூடாது. மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன், சரி என்றார். பாட்டிலைக் குலுக்கிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். பால் கலந்த மாதிரி கலங்கலாக விழ வேண்டிய மருந்து, ரோஸ்மில்க்கைப் பத்து மடங்கு தண்ணீரில் விட்ட மாதிரி, அடி தெரியத் தெளிவாக விழுந்தது. கொழகொழப்பும் இல்லை. கருவியே தேவையில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஏற்றிப் பார்த்தோம். மருந்து இருந்தால் திரையில் மலை மாதிரி எழும்ப வேண்டிய கோடு, தரையோடு தரையாகப் போனது.

நேரே மார்க்கெட்டுக்குப் பின்னாலிருக்கிற அந்தக் கடைக்குப் போய்ப் பாட்டிலை மேசை மேல் வைத்து நான் போட்ட சத்தத்தில், எதிரே கருவேப்பிலை விற்கிற அம்மாள் எழுந்து வந்துவிட்டார். கடைக்காரர் வயதானவர். என்னைக் கத்த விட்டார். முடித்த பிறகு, உள்ளே போய் ஒரு புது பாட்டிலைக் கொண்டுவந்தார்.

"அதே பெட்டில வந்ததும்மா. நம்பர் பாத்துக்க. சீல உங்கையாலயே ஒட."

உடைத்தேன். குலுக்கினேன். என் கையாலேயே மூடியில் ஊற்றினேன். கெட்டியாக, கலங்கலாக, குற்றம் சொல்ல முடியாத மருந்து. லேபில் ஏற்றிப் பார்த்தபோது மலை எழுந்து நின்றது. ஆக, கடையில் கோளாறு இல்லை. கோளாறு என் வீட்டுக்குள் இருக்கிறது. 

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் காலை. அவள் ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டில் நாத்தனார் முன்னால் பழைய பாட்டிலை வைத்தேன்.

"அக்கா, இதுல தண்ணி ஊத்துனீங்களா?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். லேபிள் ஓரத்தில் ஏணிப்படி மாதிரி இறங்கிய என் பென்சில் கோடுகளைப் பார்த்தார்.

"ஊத்துனேன்."

அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. 

"பாவி! எம் புள்ள உங்கள இன்னா பண்ணுச்சு? கொல்லப் பாத்தீங்களா?"

"யாரு, நானா?" என்றார்.  "நானாம்மா? நஞ்ச எடுத்துட்டுதானம்மா குடுத்தேன். நஞ்சோட குடுக்கச் சொல்றியா?"

"எந்த நஞ்சு?"

"அடியில வெள்ளையா நிக்குதே, அது. மொத பாட்டிலு முடியுறப்போ புள்ள குடிகாரன் மாரி தள்ளாடுச்சே, ஞாபகம் இல்லையா உனக்கு? அன்னைக்குதான் பாட்டிலக் கவுத்துப் பாத்தேன். மாவாட்டம் அப்பிக்கிட்டு கெடந்துச்சு. இஞ்சிச் சாறுல அடியில நஞ்சு தங்குமே, அதே மாரி. அதுதான் புள்ளையப் போட்டு ஆட்டுதுன்னு தெரிஞ்சுச்சு. அப்புறம் புது பாட்டிலு வந்தா, ஆட்டாம தெளிய வச்சு, மேல இருக்கறத வேற பாட்டில்ல இறுத்து, அடிய தொட்டி ஓட்டைல கொட்டிட்டு, திரும்ப இதுலயே ஊத்தி வைப்பேன். பாட்டிலு ரெண்டையும் வெந்நீர்ல அலசிட்டுதாம்மா செய்வேன். சொன்னா நீ சிரிப்ப. மருந்து கம்பெனிக்காரி, இன்னா பட்டிக்காடுன்னு சொல்லுவன்னு சொல்லல."

இஞ்சிச் சாற்றின் அடியில் படிகிற வெள்ளையை எங்கள் வீடுகளில் நஞ்சு என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் கொட்டுகிறேன், இன்று வரைக்கும். குலுக்காமல் கொடுத்த முதல் பாட்டிலில் மேல் பாதியில் மருந்து கம்மி, அதனால் வலிப்பு. அடிக்கு வரும்போது ஒரே மூடியில் பல வேளை மருந்து, அதனால் தள்ளாட்டம். அவர் கண்ணால் கண்டது பொய்யே இல்லை. அந்த வெள்ளைதான் பிள்ளையை ஆட்டியது. அந்த வெள்ளைதான் மருந்தும்.

"தண்ணி எதுக்கு ஊத்துனீங்க?"

அவர் கோடுகள் மேல் விரலை வைத்தார்.

"நீ இதப் போட ஆரம்பிச்ச பெறகுதான். தெனம் கோடு போட்டுப் போட்டு வைக்கிற. நான் அடியக் கொட்டுனா அளவு எறங்கிடும். மருந்த நான் திருடி வித்துட்டேன்னு நெனைப்ப. அதான், ஆறவச்ச வெந்நீ கொஞ்சம் ஊத்தி, கோட்டுக்குச் சரியா கொண்டாந்து வைப்பேன். தண்ணி இன்னா செய்யப்போவுதுன்னு நெனச்சேன். ஆனா அதுக்கப்புறம் நஞ்சு இன்னும் சீக்கிரமா எறங்குச்சும்மா. தினம் எறங்குச்சு. இவ்ளோ நஞ்சா வைக்கிறானுங்கன்னு தினம் கொட்டுனேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாகு கெட்டியாக இருந்தவரை துகள்கள் மெதுவாகத்தான் இறங்கின. ஆரம்பத்தில் அவர் எவ்வளவு இறுத்தாலும் பாதி மருந்தாவது மேலே தங்கியிருக்கும், பிள்ளையும் தப்பித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சேர்ந்து பாகு நீர்த்ததும், எல்லாம் மளமளவென்று அடிக்குப் போய்விட்டது. பாகு நீர்த்தால் துகள் வேகமாக விழும். இதைத்தான் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் லேபில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறேன்.

"அக்கா, அதாங்க்கா மருந்து. அந்த வெள்ளைதான் மருந்து. மேல நிக்கிறது வெறும் சக்கரத் தண்ணி."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சமையல்கட்டுத் தொட்டியின் ஓட்டையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார், பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு. எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கணவர் எப்போது வந்து நிலைப்படியில் நின்றார் என்று தெரியாது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போய்ப் பிள்ளையின் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

"ஏம்மா," என்றார் நாத்தனார், அழுகை அடங்கிய பிறகு. "கோடு போடுற நேரத்துக்கு, இன்னாக்கா பண்ணுறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

 குலுக்கிக் கொடுங்கள் என்று முதல் நாளே சொன்னேன் என்றுதான் நான் இன்னமும் சாதிக்கிறேன். நீ சொல்லவே இல்லை, உன் கை மட்டும் தானாகக் குலுக்கும், நாங்கள் பார்த்திருக்கிறோம் என்கிறார் கணவர். லேபிளில் இருக்கிறதே என்றால், பொடி எழுத்து இங்கிலீஷை எங்க அக்கா எப்படிப் படிக்கும் என்கிறார். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் தீரப்போவதில்லை.

பிள்ளை தேறிவிட்டாள். அதே மருந்துதான், அதே கடைதான். வலிப்பு வருவதில்லை. நாத்தனார் பூக்கடைக்கே திரும்பிப் போய்விடுவார் என்று பயந்தேன், போகவில்லை. ஆனால் நீ பார்க்காமல் மருந்தைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்தார். காலையில் நான் கம்பெனி பஸ்ஸில் இருக்கும்போது வீடியோ கால் வரும். எடுத்தால் அவர் முகம் தெரியாது, பாட்டில் மட்டும் தெரியும், கிலுகிலுப்பை மாதிரி குலுங்கிக்கொண்டு. "பாத்துக்கிட்டியா? கலங்கிடுச்சா? ஊத்தவா?" பக்கத்து சீட்டுப் பெண் என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பேன்.

புது பாட்டில் திறந்த அன்று, பென்சிலைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். வேண்டாம்க்கா என்றேன்.

"போட்டுக்கோம்மா. எனக்கே எம் மேல நம்பிக்க இல்ல."

நான் போடவில்லை. அவரே போட்டுக்கொள்கிறார். தினம் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பாட்டிலோடு வாசலுக்கு வந்து, கோட்டுக்கு நேராக விரலை வைத்து, திருடி சோதனைக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார். முதல் வாரம் நான் பார்த்தேன், பொய் சொல்வானேன். இப்போது பையை இறக்கி வைத்துவிட்டு, "பாத்துட்டேன்க்கா, சரியா இருக்குது" என்கிறேன். பாட்டில் பக்கம் திரும்புவதே இல்லை. அவர் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறார். "நீ பாக்கலம்மா. பாரு" என்கிறார்.